உப்பில்லா உலகில் உப்பைச் சேர்த்தல்



"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்னும் பழமொழியை மாரியூர்ப் பெண்ணுக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1974ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தமிழ்நாடு அரசின் உப்பு நிறுவனத்தின் உப்பளம் மாரியூர், வாலிநோக்கம் என்னும் நம் இரண்டு ஊர்களின் பெயரையும் சேர்த்தே வழங்கப்படுகிறது. அத்தகைய ஊரில் வளர்ந்த நாம், கணிப்பொறியில் ஒரு விளையாட்டைத் திறந்து பார்க்கிறோம். அதில் கடல் இருக்கிறது, மணல் இருக்கிறது, கோதுமை விளைகிறது, அடுப்பில் ரொட்டி வேகிறது. உப்பு மட்டும் இல்லை! விளையாட்டின் கோப்புகளுக்குள் நுழைந்து அந்த உப்பைச் சேர்ப்பது எவ்வாறு என்பதையே இக்கட்டுரையில் காண்போம்.

"விளையாட்டைப் பற்றிப் பள்ளி மலரில் பாடமா?" என்று பெற்றோர் வினவலாம். வினா நியாயமானதே. ஆனால் நாம் பேசப்போவது விளையாடுவதைப் பற்றியன்று. விளையாட்டு எதனால் ஆக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பற்றி. தையல் இயந்திரத்தில் தைப்பது வேறு, அதன் மூடியைக் கழற்றி எந்தப் பல் எந்தச் சக்கரத்தைத் தள்ளுகிறது என்று பார்ப்பது வேறன்றோ?

நாம் எடுத்துக்கொண்ட விளையாட்டுப் பொறியின் பெயர் லுவான்டி. பின்லாந்து நாட்டினரான பெர்ட்டு அஹோலா என்பவர் 2010இல் இதனைத் தொடங்கியபோது இட்ட பெயர் மைன்டெஸ்ட். 2024 அக்டோபரில் பெயர் மாற்றப்பட்டது. படைப்பு என்று பொருள்படும் பின்னிய மொழிச் சொல்லையும், லுவா என்னும் கணிப்பொறி மொழியின் பெயரையும் இணைத்துப் புதுப்பெயர் உண்டாக்கினர். லுவா மொழி பிரேசில் நாட்டில், ரியோ டி ஜெனிரோ நகரத்துப் பாப்பிறைக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1993இல் பிறந்தது. ரொபெர்த்தோ இயெருசாலிம்ஸ்கி முதலிய மூவர் அதனை ஆக்கினர். போர்த்துகீசிய மொழியில் லுவா என்றால் நிலா. நம் அருட்சகோதரியருக்கு இச்செய்தி மகிழ்வளிக்கும் என்பதற்காகவே சற்று நின்று சொல்லிவிட்டோம்.

இப்பொறி விலையின்றிக் கிடைப்பது. திறந்து பார்க்கவும் திருத்தவும் உரிமை தரப்பட்டது. இதனுடன் பலரும் பயிலும் அடிப்படை விளையாட்டு மைன்டெஸ்ட் கேம் என்பது. அதனைத் தனியே இறக்கிக்கொள்ள வேண்டும். கீழே வரும் கோப்புப் பெயர்களையும் கட்டளைகளையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். கணிப்பொறியில் தட்டும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும்.

முதலில் வீட்டின் அமைப்பைத் தெரிந்துகொள்வோம். கேம்ஸ் என்றொரு ஃபோல்டர், அதற்குள் மைன்டெஸ்ட் கேம், அதற்குள் மாட்ஸ். மாட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் டிஃபால்ட், ஃபார்மிங், பக்கெட், ஃபிளவர்ஸ், டை, வுல் எனப் பல சிறு ஃபோல்டர்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு மாட். கூட்டுக் குடும்பத்தில் ஒவ்வொரு மருமகளுக்கும் ஓர் அறையும் ஓர் அடுக்களைப் பெட்டியும் இருப்பது போல, ஒவ்வொரு மாட்டுக்கும் தனக்கென்று பொருள்கள் உண்டு. பெயரைப் பார்த்தே பாதி ஊகிக்கலாம். பயிர் ஃபார்மிங்கில் இருக்கும். வாளி பக்கெட்டில் இருக்கும்.

எந்த மாட்டைத் திறந்தாலும் உள்ளே ஏறக்குறைய ஒரே முகம்தான். மாட் டாட் கான்ஃப் என்பது பெயர்ப் பலகை. தன் பெயரையும், தனக்கு முன்னே யார் யார் வந்திருக்க வேண்டும் என்பதையும் அது சொல்லும். இனிட் டாட் லுவா என்பது தலைவாசல். பொறி முதலில் படிப்பது இதைத்தான். டெக்ஸ்ச்சர்ஸ் ஃபோல்டரில் படங்கள், சவுண்ட்ஸில் ஒலிகள், லோகேல் ஃபோல்டரில் பல மொழிப் பெயர்கள். டிஃபால்ட் மாட் பெரியதாகையால் அதில் கைப்பொருள்களுக்கு ஒரு கோப்பு, கருவிகளுக்கு ஒன்று, கட்டிகளுக்கு ஒன்று, செய்முறைகளுக்கு ஒன்று எனப் பிரித்து வைத்திருக்கின்றனர். சிறிய மாட்டில் எல்லாம் இனிட் கோப்பிலேயே அடங்கிவிடும்.

இத்தனை அறைகளுள் நாம் தேடும் பொருள் எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அறை அறையாக நுழைந்து பார்ப்பது வீண்வேலை. திரையில் தெரியும் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடக்க வேண்டும். பாடத்தின் உயிர்நாடி இதுவே. ஆகவே மெதுவாகச் செல்வோம்.

ரொட்டியை எடுத்துக்கொள்வோம. திரையில் அதன்மேல் சுட்டியை வைத்தால் பிரெட் என்று காட்டுகிறது. அச்சொல்லை மாட்ஸ் ஃபோல்டர் முழுவதிலும் தேடச் சொல்லுங்கள். லினக்ஸ் கணிப்பொறியானால் கிரெப் என்னும் கட்டளை, பெயரும் வரி எண்ணுமாகக் கொண்டுவந்து கொட்டும். பல வரிகள் வரும்; அஞ்ச வேண்டாம். அவற்றுள் பெரும்பாலானவை லோகேல் ஃபோல்டரிலுள்ளவை. ஜெர்மனில் ரொட்டிக்கு என்ன, பிரெஞ்சில் என்ன என்னும் அகராதி வரிகள் அவை. அவற்றை ஒதுக்கினால் லுவா கோப்பிலுள்ள ஒரு வரி தனித்து நிற்கும். அதுதான் ரொட்டி பிறந்த இடம்.

அங்கே ரெஜிஸ்டர் கிராஃப்ட் ஐட்டம் என்றொரு கட்டளை. அதன் பின்னே ஃபார்மிங், முக்காற்புள்ளி போன்ற இரட்டைப் புள்ளி, பிரெட் என்று எழுதியிருக்கும். ரொட்டியின் உண்மைப் பெயர் அதுதான். திரையில் தெரிவது அழைக்கும் பெயர்; இது ஞானஸ்நானப் பதிவேட்டில் உள்ள பெயர் போன்றது. இரட்டைப் புள்ளிக்கு முன்னே இருப்பது வீட்டுப் பெயர், அதாவது மாட்டின் பெயர். இரண்டு மாட்டில் பிரெட் இருந்தாலும் குழப்பம் வராமைக்கு இந்த வீட்டுப் பெயரே காரணம்.

அடுத்த வரிகளில் டிஸ்கிரிப்ஷன், இன்வென்டரி இமேஜ், ஆன் யூஸ், குரூப்ஸ் என்பன. இன்வென்டரி இமேஜ் படக் கோப்பின் பெயரைச் சொல்லும். டெக்ஸ்ச்சர்ஸில் அதைத் தேடினால் நெடுக்கில் 16, குறுக்கில் 16 புள்ளிகள் கொண்ட சிறு படம் கிடைக்கும்; நம் கோலப் புள்ளிகளினும் குறைவு! ஆன் யூஸ் என்னுமிடத்தில் ஐட்டம் ஈட் 5 என்றிருக்கும். விளையாடுபவரின் முழு உடல்நலம் 20. ஒரு ரொட்டி உண்டால் 5 கூடும். குரூப்ஸில் ஃபிளேமபிள் 2 என்றிருப்பதைக் கண்டு எங்களில் சிலர் சிரித்துவிட்டனர். ரொட்டி தீப்பற்றும் என்பதை யாரோ ஒருவர் மறவாமல் எழுதிவைத்திருக்கிறார்.

இனி ரொட்டி எப்படி ஆகிறது? பதிவேட்டுப் பெயரைக் கையில் எடுத்துக்கொண்டு மீண்டும் ஒருமுறை தேடுங்கள். இம்முறை ரெஜிஸ்டர் கிராஃப்ட் என்னும் கட்டளை அகப்படும். மாவை அடுப்பிலிட்டால் ரொட்டி. வேகும் நேரம் 15 நொடி. மாவின் பெயரைத் தேடினால் கோதுமை 4 சேர்ந்தால் மாவு 1 என்னும் வரி. ஆக, திரைப் பெயரிலிருந்து பதிவேட்டுப் பெயர், அதிலிருந்து படம், செய்முறை, செய்முறையிலிருந்து அடுத்த பொருள். ஒரு முடிச்சை அவிழ்த்தால் அடுத்த முடிச்சு கைக்கு வருகிறது. எத்தனை பெரிய விளையாட்டாயினும் வழி இதுவே.

ஆயினும் எல்லா விளையாட்டும் இப்படி வாசலைத் திறந்து வைப்பதில்லை. 1999இல் வெளியான ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகத்தை அண்ணன்மார் பலர் விளையாடக் கண்டிருப்பீர்கள். அதன் புதுப் பதிப்புக்கு 2022 ஏப்ரலில் இந்திய அரசகுலங்களைப் பற்றிய ஒரு சேர்க்கை வந்தது. அதில் திராவிடர் என்றொரு பிரிவு உண்டு. இராசேந்திர சோழன் கதையும் உண்டு. சுருள்வாள் ஏந்தும் உறுமி வீரரும், திரிசடை என்னும் கப்பலும் உண்டு. அப்பிரிவின் மீனவர் பிறரைவிட 15 அலகு கூடுதலாக மீன் சுமப்பர். நம் தந்தையர் படும் பாட்டை யாரோ எண்ணிப் பார்த்து 15 என்று எழுதியிருக்கிறார்! அது சரியா, குறைவா என்று நாங்கள் வெகுநேரம் வாதிட்டோம். குறைவு என்பதே பெரும்பான்மை.

அந்த 15 எங்கே எழுதப்பட்டிருக்கிறது? சாதாரணமாகத் தேடினால் அகப்படாது. போர்வீரர், கட்டடம், கருவி எல்லாவற்றின் அளவுகளையும் டாட் என்னும் இறுதி கொண்ட ஒரே பெருங்கோப்பில் இறுக்கி அடைத்திருக்கின்றனர். அது எழுத்தாகப் படிக்கத்தக்கதன்று. வெறும் எண்களின் மூட்டை. பெயர்களோ அங்கே இல்லை. வேறொரு எழுத்துக் கோப்பில் எண் ஒன்று, பெயர் ஒன்று என்று வரிசையாக இருக்கின்றன. ஆகவே முதலில் பெயர்க் கோப்பில் எண்ணைக் கண்டு, பின்பு அதற்கென்றே ஆர்வலர் ஆக்கிய திருத்தும் கருவியைக் கொண்டு மூட்டையை அவிழ்த்து, அந்த எண்ணுக்குரிய பொருளை அடைய வேண்டும். நூலகத்தில் அட்டைப் பெட்டியைப் பார்த்துவிட்டுப் பிறகு அலமாரிக்குச் செல்வது போன்றது. புதியவர் இதிலே தொடங்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ரொட்டியில் கை பழகிய பின் இங்கு வரலாம்.

இப்போது நம் உப்புக்கு வருவோம். அடிப்படை விளையாட்டின் ஃபார்மிங் ஃபோல்டரிலேயே நேராக நான்கு வரி சேர்த்துவிட்டால் ஆகாதா? ஆகும், ஆனால் கூடாது. விளையாட்டின் புதிய பதிப்பு இறங்கும் நாளில் அந்த நான்கு வரியும் சுவடின்றி அழிந்துவிடும். பிறர் வீட்டுச் சுவரில் ஆணி அடிக்காமல் நமக்கென்று ஓர் அறை கட்டிக்கொள்வதே முறை. ஆகையால் உப்பு என்னும் பெயரில், யு, பி, பி, யு என்று நான்கு எழுத்தில், ஒரு புது மாட் ஃபோல்டர் திறந்தோம். பெயர்ப் பலகையில் பெயரை எழுதி, டிபென்ட்ஸ் என்னும் வரியில் ஃபார்மிங், பக்கெட் இரண்டையும் குறித்தோம். நமக்கு முன்னே அவர்கள் வந்துவிட வேண்டும். இல்லையேல் நாம் கேட்கும் வாளி அப்போது பிறந்தே இராது.

ரொட்டியின் பலனை 5இலிருந்து 6 ஆக்க வேண்டுமானாலும் ஃபார்மிங் கோப்பைத் தொட வேண்டியதில்லை. நம் அறையிலிருந்தே ஓவர்ரைட் ஐட்டம் என்னும் கட்டளையால் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றச் சொல்லலாம். மற்றவை இருந்தபடியே இருக்கும். நம் மாட்டை நிறுத்தினால் ரொட்டி பழைய ரொட்டியாகிவிடும்.

பொருளுக்கு என்ன பெயர் வைப்பது என்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். விளையாடுபவர் கட்டும் உலகத்தைச் சேமித்து வைக்கையில், பொறி பதிவேட்டுப் பெயரையே எழுதிவைக்கிறது. இன்று கல் உப்பு என்று பெயரிட்டு, தோழியர் முப்பது பேர் ஒரு மாதம் உழைத்துப் பெட்டி பெட்டியாக உப்புச் சேர்த்துவிட்டனர் என்று வையுங்கள். நாளை அழகுக்காக அப்பெயரில் ஓரெழுத்தை மாற்றினால் அத்தனை உப்பும் அறியப்படாத பொருள் என்று ஆகிவிடும். முப்பது பேரின் உழைப்பு ஓரெழுத்தில் தொங்குகிறது! மாற்றியே தீர வேண்டுமானால் ரெஜிஸ்டர் அலையஸ் என்னும் கட்டளையால், பழைய பெயரைச் சொன்னால் புதிய பொருளைக் கொடு என்று எழுதிவைக்க வேண்டும். எதற்கும் முன்னே உலக ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து வேறிடத்தில் வைத்துக்கொள்வது நலம். அழைக்கும் பெயரை எத்தனை முறை வேண்டுமாயினும் மாற்றலாம். அதனால் ஒரு சேதமும் இல்லை.

படத்துக்கும் இவ்விதியில் ஒரு பங்குண்டு. எல்லா மாட்டின் படங்களையும் பொறி ஒரே குவியலாகச் சேர்த்துக்கொள்ளும். சால்ட் என்று மட்டும் பெயரிட்டால், அதே பெயருள்ள வேறொருவர் படம் பின்னே வந்து நம் படத்தின் இடத்தைப் பிடித்துவிடும். ஆகவே படப் பெயருக்கு முன்னும் உப்பு என்னும் மாட் பெயரைச் சேர்த்தே எழுத வேண்டும்.

இனிச் செய்முறை. எளிய வழி ஒன்று உண்டு. வாளிக் கடல்நீரை அடுப்பிலிட்டால் உப்பு; ரீப்ளேஸ்மென்ட்ஸ் என்னும் வரியில் எழுதினால் வாளி வெறுமையாகத் திரும்பி வரும். இவ்விளையாட்டில் கடல்நீர் வேறு, ஆற்றுநீர் வேறு என்று இரண்டு தனிப் பெயர்கள் இருப்பது நம் நற்பேறு. பக்கெட் மாட்டைத் தேடிப் படித்ததால்தான் இது தெரிந்தது; படியாதவர் ஆற்றுநீரிலிருந்தும் உப்பெடுத்திருப்பர்.

ஆனால் மாரியூரில் யார் அடுப்பில் உப்பு காய்ச்சுகிறார்கள்? விறகுக்கு எங்கே போவது! கடல்நீரின் நூறு பங்கில் மூன்றரைப் பங்குதான் உப்பு. மீதி அத்தனை நீரையும் வெயில் அல்லவா கூலியில்லாமல் வாங்கிக்கொள்கிறது? ஆகவே அடுப்பு வழியை விட்டுப் பாத்தி வழியை எடுத்தோம். பாத்தி என்றொரு கட்டியைப் பதிவு செய்து, ஏபிஎம் என்னும் கட்டளையைச் சேர்த்தோம். குறித்த இடைவெளியில் உலகத்திலுள்ள பாத்திகளை ஒரு சுற்றுப் பார்த்து, தகுந்ததை மாற்றுவது அதன் வேலை. இடைவெளி 30 நொடி; ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் ஒரு வாய்ப்பு; மேலே வெயில் விழுந்தால் மட்டும். அப்படியானால் ஒரு பாத்தி வெயிலில் விளையச் சராசரி 300 நொடி, அதாவது 5 நிமிடம். விளையாட்டுலகில் ஒரு முழு நாள் 20 நிமிடமே ஆகையால், அங்கே இது ஆறு மணி நேரக் காய்ச்சலுக்குச் சமம். காலையில் நீர் பாய்ச்சினால் மாலையில் வாரலாம். உண்மை உப்பளம் இத்தனை தயவு காட்டாது. நீரைப் பாத்தி மாற்றிப் பாத்தி நகர்த்தி, சாதாரணக் கடல்நீர் போமே அளவில் ஏறக்குறைய 3 பாகையிலிருந்து 25 பாகை வரை ஏறிய பிறகே உப்புப் பூக்கத் தொடங்கும் என்பதை உப்பளத்தில் வேலை செய்யும் பெற்றோர் நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

மழையையும் சேர்க்க வேண்டும் என்று எட்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தி பிடிவாதம் பிடித்தாள். அடிப்படை விளையாட்டில் மழை கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கினால் பாத்தி கரையும். உப்பு வாருவோருக்கு வேலை நிற்கும். வேலை நின்றால் கூலியும் நிற்கும். "அது இல்லாத உப்பளம் என்ன உப்பளம்?" என்றாள் அவள். வீட்டில் கண்டதைச் சொன்னாள். மறுக்க எவரிடமும் சொல் இல்லை. எனவே நாள் எண்ணிக்கையைக் கொண்டு பத்து நாள்களில் இரண்டு நாள் பாத்தி விளையாது, விளைந்ததும் நீராகும் என்று ஒரு நிபந்தனை சேர்த்திருக்கிறோம். விளையாடும் வெளியூர்ப் பிள்ளைகளுக்கு இது பிடிக்காமற் போகலாம். பிடிக்காதவர்கள் அந்த வரியைத் தேடி நீக்கிக்கொள்ளட்டும். தேடும் வழியைத்தான் மேலே சொல்லிவிட்டோமே.

எழுதியது ஓடாமல் நின்றால் என்ன செய்வது? பொறி கோபித்துக்கொண்டு நிற்பதில்லை. எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் சிக்கல் என்று எழுதிக் காட்டிவிட்டே நிற்கிறது. டீபக் டாட் டெக்ஸ்ட் என்னும் கோப்பிலும் அது பதிவாகியிருக்கும். அந்த வரியில் ஒன்றும் தென்படாவிட்டால் அதற்கு மேல் வரியைப் பாருங்கள். விடுபட்ட காற்புள்ளியோ மூடாத அடைப்போ பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஒரே நேரத்தில் பத்து மாற்றம் செய்துவிட்டுச் சோதிப்பவருக்கு இந்த உதவி பயன்படாது. ஒன்றை மாற்று, ஓட்டிப் பார், பிறகு அடுத்தது.

பிறருடைய மாட்டிலிருந்து எடுத்தாள்வதிலும் முறை உண்டு. ஒவ்வொரு மாட்டிலும் உரிமக் கோப்பு ஒன்று இருக்கும். எழுதிய வரிகளுக்கு ஓர் உரிமம், வரைந்த படங்களுக்கு வேறோர் உரிமம் என்றிருப்பது வழக்கம். ஆக்கியோர் பெயரைக் குறிப்பிட்டு, அதே உரிமையைப் பிறருக்கும் தந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்பது பலவற்றின் நிபந்தனை. உப்புப் படத்தை மட்டும் நாங்களே வரைந்தோம். 256 புள்ளிக்குள் கல் உப்பின் பளபளப்பைக் கொண்டுவருவதற்கு ஓவிய வகுப்பில் சிறந்தவளுக்கே நான்கு மாலை பிடித்தது.

கடைசியாகத் தமிழ்ப் பெயர். லோகேல் ஃபோல்டரில் உப்பு டாட் டிஏ டாட் டிஆர் என்று ஒரு கோப்பு. டிஏ என்பது தமிழுக்குரிய குறி. முதல் வரியில் மாட்டின் பெயர். அதன் கீழ் ஆங்கிலப் பெயர், சமக்குறி, தமிழ்ப் பெயர் என்று எழுதினால் போதும். வேலை இரண்டே நிமிடம். ஆனால் திரையில் என்ன தெரியும் என்பது வேறு கதை. தமிழில் கொம்பும் சுழியும் கணிப்பொறிக்குள் எப்போதும் மெய்யெழுத்துக்குப் பின்னேதான் சேமிக்கப்படுகின்றன. கொம்பை முன்னே நகர்த்துவதும், பகரத்தோடு உகரத்தை இணைத்துப் பு என்று ஓருருவாக்குவதும் திரையில் காட்டும் மென்பொருளின் கடமை. அக்கடமையை முழுமையாகச் செய்யாத பொறியில் பாத்தி என்னும் சொல் ஏறக்குறைய நன்றாகவே வரும். சேறு என்றால் கொம்பு இடம் மாறும். உப்பு என்றாலோ கடைசி எழுத்து இரண்டாகப் பிரிந்து நிற்கும்.

கோப்பில் உப்பு என்றே எழுதி வைத்திருக்கிறோம். திரை உடைத்துக் காட்டுகிறது என்பதற்காகப் பெயரை மாற்ற எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. எழுத்தை அடுக்கும் அந்த வேலை பொறியின் எந்தக் கோப்பில் நடக்கிறது என்று தேடத் தொடங்கியிருக்கிறோம். அது லுவாவில் இல்லை. சி பிளஸ் பிளஸ் என்னும் வேறு மொழியில் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் வருகிறோம் என்று மூவர் பெயர் கொடுத்திருக்கின்றனர். மேலும் சேர விரும்பும் தோழியர் சனிக்கிழமை முற்பகல் கணிப்பொறி அறைக்கு வரலாம்.